ஐம்பத்திரண்டில் ஒரு பங்கு

நீராவி யுகத்தின் போக்கைத் திருப்பிய திருத்தவேலை சுரங்கத்திலோ ஆலையிலோ நடக்கவில்லை. வகுப்பில் மாணவருக்குக் காட்டுவதற்கென்று செய்துவைத்த சின்ன மாதிரி எஞ்சின் ஒன்றில் நடந்தது. 1763–64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் அண்டர்சன், ஓடாமல் கிடந்த நியூகொமன் மாதிரி எஞ்சினை அங்கே கருவிகள் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் வாட்டிடம் ஒப்படைத்தார். சிலிண்டரின் விட்டம் 2 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 6 அங்குலம். வாட் அதைப் பூட்டித் திருத்தி நெருப்பு மூட்டினார். சில தடவை அடித்துவிட்டு நின்றது. கொதிகலனில் நீராவி தீர்ந்துபோயிருந்தது.

சுரங்கங்களில் நியூகொமனின் பெரிய எஞ்சின்கள் 1712 தொடக்கம் இரவு பகலாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. அமைப்பு ஒன்றுதான், வேலை செய்யும் முறையும் ஒன்றுதான். பெரியது ஓடும்போது சிறியதற்கு மட்டும் ஏன் மூச்சு வாங்குகிறது? வாட் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். சிலிண்டரைச் சிறிதாக்கும்போது அதற்குள் அடங்கும் நீராவி வேகமாகக் குறைகிறது. சுவரின் பரப்பு அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. நியூகொமன் எஞ்சினில் ஒவ்வோர் அடிக்கும் சிலிண்டருக்குள் குளிர்நீர் பீச்சப்படும். அடுத்த அடிக்கு வரும் நீராவியில் பெரும்பங்கு, குளிர்ந்த சுவரை மறுபடி சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடும். பெரிய எஞ்சின்களிலும் இதே இழப்பு இருந்தது. கரி தாராளமாகக் கிடைத்த சுரங்க வாசலில் அது யாருடைய கண்ணையும் உறுத்தவில்லை. சிலிண்டரைச் சூடாகவே வைத்துக்கொண்டு, நீராவியை வேறொரு கலத்துக்குக் கொண்டுபோய்க் குளிர்விக்கும் வழி 1765இல் வாட்டுக்குத் தோன்றியது. 1769இல் காப்புரிமை கிடைத்தது. அந்த மாதிரி எஞ்சின் இன்றும் கிளாஸ்கோவின் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிறியதைத் திருத்தப் போனால் பெரியதன் சங்கதி தெரியவரும். இந்த அத்தியாயத்தில் நாம் கழற்றிப் பார்க்கப்போகும் சிறியது நாயாற்றில் இருக்கிறது.

மண்ணுக்குள் இருந்த கோச்சி

நாயாற்றுக்குக் கோச்சி ஒருநாளும் வந்ததில்லை. கொழும்பிலிருந்து வடக்கே போகும் புகையிரதப் பாதை 1905இல் முழுமையானபோது அது வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி என்று வன்னியின் நடுவால் போனது. முல்லைத்தீவு மாவட்டத்துக்குக் கிடைத்தது மாங்குளம் பக்கம் மட்டும். அங்கிருந்து கிழக்கே ஒட்டுசுட்டான் தாண்டி முல்லைத்தீவு; பிறகு கடலோரமாகத் தெற்கே இறங்கினால்தான் நாயாற்றுக் களப்பும் பாலமும் மீன்பிடி வாடிகளும். இந்த ஊர்ப் பிள்ளைக்கு நீராவி எஞ்சின் என்றால் அது வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்ததாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தது லண்டனிலிருந்த மாமா கொண்டுவந்த பொம்மை: பித்தளைக் கொதிகலன், இரும்புத் தகட்டுச் சட்டகம், அடியில் எரிகட்டி வைக்கும் தட்டு. 32 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளத்தில் உண்மையாகவே தண்ணீர் கொதித்து ஓடும் வகை. இங்கிலாந்தின் மாமொட் போன்ற நிறுவனங்கள் அத்தகைய எஞ்சின்களை இன்றும் விற்கின்றன.

போரில் வீட்டைவிட்டுப் போகவேண்டி வந்த காலத்தில் அதைப் பொலித்தீனில் சுற்றி, பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, வளவில் தாட்டுவிட்டுப் போனோம். அதே காலத்தில் வடக்குப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குள் போய்க்கொண்டிருந்தன. 1990இல் நின்ற யாழ்ப்பாணக் கோச்சி 2014இல்தான் மறுபடி ஓடியது. எங்கள் பொம்மையும் மீள்குடியேற்றத்துக்குப் பிறகே மண்ணைவிட்டு வெளியே வந்தது. பொலித்தீன் கிழிந்திருந்தது. பிஸ்கட் தகரம் பழுப்பு நிறப் பொடியாகியிருந்தது. சட்டகத்தின் இரும்பு செதில் செதிலாக உரிந்தது. பித்தளைக் கொதிகலன் மட்டும் பச்சை படிந்து, உருக்குலையாமல் இருந்தது.

எது முதலில் கரையும்

களப்போர மண்ணில் உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் கிடந்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடும். இலகுவாக இலத்திரனை விட்டுக்கொடுக்கும் உலோகம் கரையும், மற்றது காப்பாற்றப்படும். இரும்பும் பித்தளையும் சேர்ந்திருந்தால் கரைவது இரும்பு. பிஸ்கட் தகரமும் சட்டகமும் அழிந்து கொதிகலனுக்கு நாளைக் கூட்டிக்கொடுத்தன.

இது நாயாற்றில் யாருக்கும் புதிய சங்கதி இல்லை. படகின் வெளியிணைப்பு எஞ்சினில் நாகக் கட்டி ஒன்று பூட்டியிருக்கும். கடல்நீர் முதலில் அந்த நாகத்தைத் தின்னும். அது தேய்ந்ததும் மாற்றிவிடுவார்கள். எஞ்சின் திருத்தும் ஐயா ஒருவர் எங்கள் பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே சொன்னார்: “உப்புக்கு ஏதாவது ஒண்டைத் தின்னக் குடுக்க வேணும் தம்பி. இல்லாட்டி எஞ்சினைத்தான் தின்னும்.” மின்வேதியியலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பித்தளைக்கும் தனியான வியாதிகள் உண்டு. முதலாவது, வெளிர்பச்சைப் பொடி. செம்பு உப்போடு சேர்ந்து செப்புக் குளோரைட்டு ஆகிறது. காற்றின் ஈரமும் ஒட்சிசனும் பட்டால் அது ஐதரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலம் புதிய செம்பை அரித்து மறுபடி குளோரைட்டு ஆக்கும். பொடியைத் துடைத்தால் போதாது, உள்ளே இருக்கும் குளோரைட்டு தொடர்ந்து வேலை செய்யும். தொல்பொருள் காப்பாளர்கள் இதை நீரில் ஊறவைத்து அடக்குவதுண்டு. நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, ஊறிய நீரில் சில துளி வெள்ளி நைத்திரேற்று விட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளையாகக் கலங்கினால் குளோரைட்டு இன்னும் வெளியேறுகிறது. கலங்காமல் தெளிந்திருந்தால் காயவைக்கலாம். இந்தப் பரிசோதனை எங்கள் பாடசாலைப் பாடத்திலேயே உண்டு.

இரண்டாவது, சிவப்புப் புள்ளி. பித்தளை என்பது செம்பும் நாகமும் சேர்ந்த கலப்பு. உப்பு ஈரம் சில இடங்களில் நாகத்தை மட்டும் உருவி எடுத்துவிட, செம்பு பஞ்சுபோல் துளைகளோடு எஞ்சும். வெளிவடிவம் மாறாது, பலம் போய்விடும்.

மூன்றாவது வியாதிக்கு நாயாற்றில் விசேட இடம் உண்டு. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் மழைக்காலம் முழுக்கக் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக் கோதுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. காரணம் 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது: வடிவமைக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசையும், குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தின் மணிகளுக்கு இடையே பிளவை உண்டாக்குகின்றன. அழுகும் மீனும் அமோனியாவையும் அதன் உறவுச் சேர்மங்களையும் வெளியேற்றும். ஆகவே கருவாட்டு வாடிக்குப் பக்கத்தில் பித்தளைக் கொதிகலனைத் திறந்து வைக்கக்கூடாது. அமோனியா கலந்த பொலிஷ் போட்டுப் பளபளப்பாக்கவும் கூடாது.

அளவு மாறினால் எது மாறும்

திருத்தத் தொடங்குமுன் வாட்டின் கணக்கை எங்கள் பொம்மைக்குப் போட்டுப் பார்ப்போம். இலங்கையின் அகலப்பாதைத் தண்டவாளங்களுக்கிடையே 1,676 மில்லிமீற்றர். பொம்மைக்கு 32. ஒன்றை மற்றதால் வகுத்தால் சுமார் 52. எல்லா நீளத்தையும் 52இல் ஒரு பங்காக்கினால் பரப்பு சுமார் 2,700இல் ஒரு பங்காகும். கனவளவும் எடையும் சுமார் 144,000இல் ஒரு பங்காகும். 100 தொன் எஞ்சின் ஒன்று முக்கால் கிலோவுக்கும் குறைவாகச் சுருங்கிவிடும்.

வெப்பம் கனவளவில் தங்குகிறது, பரப்பால் வெளியேறுகிறது. பொம்மைக்குள் உள்ள ஒவ்வொரு கிராம் நீருக்கும் பெரிய எஞ்சினைவிட 52 மடங்கு சுவர் இருக்கிறது. நெருப்பணைத்த பெரிய எஞ்சின் மறுநாள் காலையிலும் சூடாக இருக்கும். பொம்மை சற்று நேரத்தில் ஆறிவிடும்.

ஆனால் எல்லாமே பொம்மைக்குப் பாதகம் என்றில்லை. உருளைச் சுவரில் ஏறும் தகைப்பு, அமுக்கத்தை ஆரையால் பெருக்கித் தடிப்பால் வகுத்தால் வரும். ஆரையும் தடிப்பும் ஒரே விகிதத்தில் சுருங்கினால் தகைப்பு மாறாது. பொம்மையில் அமுக்கமும் குறைவு. வளிமண்டலத்துக்கு மேலாக இன்னொரு வளிமண்டல அமுக்கம், 20 மில்லிமீற்றர் ஆரை, அரை மில்லிமீற்றர் தடிப்பு என்று வைத்தால் சதுர மில்லிமீற்றருக்கு 4 நியூற்றன்தான். நல்ல பித்தளை இதைப்போலப் பல மடங்கு தாங்கும்.

கொதிகலன் வெடித்தால் உண்மையான கேட்டைச் செய்வது அதற்குள் உள்ள சூடான நீர். அமுக்கம் திடீரென்று விழுந்ததும் அதில் ஒரு பகுதி அந்தக் கணமே நீராவியாகிவிடும். 4,000 கிலோ நீரை 192 செல்சியஸில் வைத்திருக்கும் பெரிய கொதிகலனில் ஏறக்குறைய 700 கிலோ அப்படி மாறும். அதற்கு 1,000 கனமீற்றருக்கு மேல் இடம் வேண்டும். 120 செல்சியஸில் 100 கிராம் நீர் வைத்திருக்கும் பொம்மையில் நாலு கிராமுக்கும் குறைவான நீரே மாறும். ஆறு லீற்றர் நீராவி வரும். முகத்தைச் சுட்டுவிட அது போதும், கூரையைப் பெயர்க்காது. திருத்தும்போது காட்டவேண்டிய கவனத்தின் அளவு இந்தக் கணக்கில் இருக்கிறது.

எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது

பொம்மையின் கொதிகலனில் சிவப்புப் புள்ளிகள் அடிப்பக்கத்தில், சுவாலை படும் இடத்தில் இருந்தன. துளை விழுந்த பஞ்சை ஈயப்பற்று வைத்து அடைப்பதில் பயனில்லை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். உள்ளே நீர் இருக்கும்வரை உலோகம் 120ஐ ஒட்டி நிற்கும். நீர் வற்றிய கணத்தில் சுவாலையின் சூடு நேரே பற்றில் ஏறும். எனவே பழைய கொதிகலனுக்கு ஓய்வு கொடுத்து, ஊறவைத்துக் காயவைத்துத் தனியாக வைத்தோம். அதன் அளவிலேயே செம்புக் குழாயில் புதியது செய்யவேண்டி வந்தது. செம்பில் உருவி எடுக்க நாகம் இல்லை.

அதற்கு வெள்ளிப் பற்று வேண்டும். அறுநூறு, எழுநூறு செல்சியஸில் உருகும் அந்தப் பற்றை வைக்கத் தெரிந்தவரைத் தேடி அலையத் தேவையில்லை. நகை செய்யும் பத்தரின் அன்றாட வேலை அது. வெண்காரம் ஏன் பூசுகிறார் என்பதுதான் இங்கே அறிவியல். சூடேறும் செம்பின்மேல் ஒட்சைட்டுப் படலம் உண்டாகும்; அந்தப் படலத்தின்மேல் உருகிய வெள்ளி ஒட்டாமல் உருண்டுவிடும். உருகிய வெண்காரம் படலத்தைக் கரைத்து, காற்றுப் படாமல் மூடி, வெள்ளியை இடுக்குக்குள் ஓடவிடும். இடுக்கு எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு தூரம் நுண்துளைக் கவர்ச்சி உருகிய வெள்ளியை இழுக்கும்.

புதிய கொதிகலனை நெருப்பில் வைக்குமுன் குளிர்நீரால் சோதிக்க வேண்டும். காற்றுக் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, கைப்பம்பால் வேலை அமுக்கத்தின் இரண்டு மடங்குவரை ஏற்றி, அமுக்கமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது மாதிரி எஞ்சின்காரரின் வழக்கம். காற்றால் ஏன் சோதிக்கக்கூடாது? காற்றை நெருக்கலாம், நீரை அநேகமாக நெருக்க முடியாது. ஒரே அமுக்கத்தில் காற்றில் சேரும் சக்தி, அதே கனவளவு நீரில் சேர்வதைப்போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல். நீர் நிரம்பிய கலன் கிழிந்தால் ஒரு சொட்டு வடியும், அவ்வளவுதான். காப்பு வால்வின் சுருளையும் இந்தச் சந்தர்ப்பத்தில் மாற்றிவிடுவது நல்லது. 1679இல் டெனிஸ் பப்பின் செய்த அமுக்கச் சமையற்கலத்துக்குத் தேவைப்பட்ட அந்தச் சின்ன வால்வு, துருப்பிடித்து இறுகினால் இருந்தும் இல்லாததுபோல்தான்.

எந்த நீரை ஊற்றுவது? கேத்தலின் உட்புறம் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தவர்களுக்குக் கிணற்றுநீரின் குணம் தெரியும். அது கல்சியம் காபனேற்று. தேசிக்காய்ப் புளி விட்டால் காபனீரொட்சைட்டுக் குமிழி விட்டுக் கரையும். கேத்தலில் அந்தப் படிவு எரிபொருளைத்தான் வீணாக்கும். ஊசி பருமனுள்ள நீராவித் துளையில் படிந்தால் எஞ்சினே நின்றுவிடும். மாரி மழையில், முதல் மழை காற்றின் உப்பையும் தூசையும் கழுவிக்கொண்டு போன பிறகு பிடித்துவைத்த நீர் போதும்.

ஆடும் சிலிண்டர்

பெரிய எஞ்சினில் நீராவியைத் திறந்து மூடத் தனி வால்வு உண்டு. பொம்மையில் சிலிண்டரே ஓர் ஊசியில் தொங்கிக்கொண்டு ஆடும். ஒரு பக்கம் சாயும்போது அதன் துளை நீராவித் துளைக்கு நேரே வரும். மறுபக்கம் சாயும்போது வெளியேறும் துளைக்கு நேரே வரும். அந்தத் துளைகள் உள்ள இரண்டு தட்டை முகங்களையும் ஒரு சுருள் அழுத்திப் பிடிக்கிறது. தொடக்கத்தில் குளிர்ந்த சிலிண்டருக்குள் நீராவி நீராகிப் பிஸ்டனுக்கு முன்னால் அடைபட்டால், சுருள் சற்று விலகி அந்த நீரைத் துப்பிவிடும். பெரிய எஞ்சினில் இதற்காகவே ஓட்டுநர் புறப்படும்போது வடிகுழாயைத் திறந்து வைப்பார்.

இந்த முகங்களில்தான் பொம்மையின் உயிர் இருக்கிறது. எஞ்சின் 52இல் ஒரு பங்கானாலும் கீறலும் இடைவெளியும் அந்த விகிதத்தில் சுருங்குவதில்லை. ஒடுங்கிய இடைவெளியால் கசியும் அளவு, இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இடைவெளியைப் பாதியாக்கினால் கசிவு எட்டில் ஒன்றாகிவிடும். தடித்த கண்ணாடித் துண்டில் மிக நுண்ணிய உரைதாளை வைத்து, எண்ணெய் விட்டு, முகத்தை எட்டு வடிவில் பொறுமையாகத் தேய்ப்பது இந்த மும்மடிக் கணக்குக்காகத்தான். புதுச் சட்டகம், புதுச் சில்லு எல்லாவற்றையும்விட அதிக பலன் தந்த வேலை இதுதான்.

பொம்மையிடம் இல்லாத மூன்று

எஞ்சின் ஓடியது. வளவில் போட்ட வட்டப் பாதையில், வெற்று எஞ்சினாக, வளைவில் கவிழப் பார்க்கும் வேகத்தில். இனி அதன் வினைத்திறனைக் கேட்போம்.

வெப்ப எஞ்சினின் உச்ச வினைத்திறனை, அது வெப்பத்தை வாங்கும் வெப்பநிலையும் விடும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன என்று 1824இல் சாடி கார்னோ காட்டினார். பொம்மை 120 செல்சியஸில், அதாவது 393 கெல்வினில் வாங்கி, 373 கெல்வினில் காற்றில் விடுகிறது. உச்சம் 5 சதவீதம். கசிவும் உராய்வும் சுவரில் நீராவி நீராவதும் சேர்ந்தால் அதில் ஒரு சிறு பங்கே மிஞ்சும். பதின்மூன்று வளிமண்டல அமுக்கத்தில் 192 செல்சியஸ் நீராவி தரும் பெரிய எஞ்சினுக்கு உச்சம் 20 சதவீதம். நடைமுறையில் நல்ல எஞ்சினே 10ஐத் தொடுவது அரிது. 1950களில் இலங்கைப் பாதைகளில் டீசல் பரவத் தொடங்கியபிறகு நீராவி பின்வாங்கியதில் வியப்பில்லை.

பொம்மைக்கு ஏன் இவ்வளவு குறைவு? வாட்டின் தனிக் குளிர்கலம் அதில் இல்லை. குளிர்கலத்தைச் சுமந்து ஓட முடியாது என்று அதைக் கைவிட்டு, 1804இல் ரிச்சர்ட் ட்ரெவிதிக் தண்டவாளத்துக்குக் கொண்டுவந்த உயர் அமுக்கமும் அதில் இல்லை. 1829இல் ஸ்டீபன்சன்களின் ‘ரொக்கெட்’ எஞ்சினில், சூடான வாயுவை நீருக்குள்ளாலேயே கொண்டுபோன 25 செம்புக் குழாய்களும் அதில் இல்லை. பொம்மையின் சுவாலை கொதிகலனின் வயிற்றை நக்கிவிட்டு மேலே போய்விடுகிறது.

கடைசிக் குறையை நீங்களே அளக்கலாம். எரிகட்டியை நிறுங்கள், எஞ்சினை நீரோடு, ஓடுமுன்னும் ஆறிய பின்னும் நிறுங்கள். உதாரணத்துக்கு, 30 செல்சியஸில் ஊற்றிய 100 கிராம் நீரில் 60 கிராம் ஆவியானது என்று வைப்போம். நீரை 120 வரை சூடாக்க ஏறக்குறைய 38 கிலோயூல், ஆவியாக்க 132, மொத்தம் 170. எரிகட்டியான ஹெக்சமின் கிராமுக்கு 30 கிலோயூல் தரும். 20 கிராம் எரிந்திருந்தால் 600இல் 170தான் நீருக்குள் போயிருக்கிறது: 28 சதவீதம். அமைதியான அறைக்குள் ஒருமுறையும் கடற்காற்று வீசும் விறாந்தையில் ஒருமுறையும் அளந்து, பிறகு தட்டைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்துக்கொண்டும் அளந்து, மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பெரிய எஞ்சின்களின் கொதிகலன்கள் எரிபொருளின் பாதிக்கு மேல் நீருக்குக் கொடுத்தன. உங்கள் எண்ணுக்கும் அதற்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடப்பதற்குத்தான் அந்த 25 குழாய்களும் தேவைப்பட்டன.